விளம்பர மின்னஞ்சலும் படக்கோப்பு வடிவங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டுச் சுவடிகளைப் பயிலத் தொடங்கும் மாணவர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடப்படாமை கண்டு முதலில் இடர்ப்படுவர். எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதே இதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணம். எழுதுவோனின் விருப்பத்தை மீறி, எழுதப்படும் பொருளின் இயல்பே எழுத்தின் வடிவைத் தீர்மானித்தமைக்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் பெருகிய விளம்பர மின்னஞ்சலை ஆராயப் புகுவோர் இதே உண்மையை வேறொரு கோலத்திற் காண்பர். புடைவைக்கடை ஒன்று தன் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிற் சேலையின் படத்தை எந்தக் கோப்பு வடிவில் வைப்பது, ஜிஃப் வடிவிலா, ஜேபெக் வடிவிலா, பி.என்.ஜி. வடிவிலா என்பது மேலோட்டமாக நோக்குமிடத்துத் தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யக்கூடிய சிறு விடயமாகவே தோன்றும். ஆயின் அத்தெரிவின் பின்னால் ஆக்கவுரிமைப் பிணக்குகளும், தொலைபேசிக் கம்பியின் வேகமும், அனுப்புவோனுக்கும் பெறுவோனுக்கும் இடையே வளர்ந்த அவநம்பிக்கையும் மறைந்து கிடக்கின்றன. அழகியல் இதில் மிகச் சிறிய பங்கையே வகித்துள்ளது.

விளம்பர மின்னஞ்சல் பிறந்தபோது அதற்குப் படம் இருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு மே மாதம் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற ஐக்கிய அமெரிக்கக் கணனி நிறுவனத்தைச் சேர்ந்த கரி தேர்க் என்பார், ஆர்ப்பாநெற் எனப்பட்ட வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனத்தின் புதிய கணனிகளைக் காணவருமாறு அழைப்பு விடுத்தார். கேளாது அனுப்பப்பட்ட வணிக மடலின் தொடக்கமாக இதனைக் கொள்வது வழக்கு. முற்றிலும் எழுத்தாலான மடல் அது. முகவரிகள் உரிய இடத்தில் அடங்காது செய்தியின் உடலுக்குள்ளும் வழிந்திருந்தன. பெற்றவர்களுட் பலர் சினந்தனர். வலையமைப்பை நிர்வகித்தோர் கண்டித்தனர். ஆயினும் கணனிகள் சில விற்பனையாகவே செய்தன. விளம்பர மின்னஞ்சலின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த மூன்று விளைவுகளின் விரிவுரையே எனினும் மிகையாகாது.

படம் ஏன் இல்லை என்ற வினாவுக்கு விடை மின்னஞ்சலின் அடிப்படை விதிகளில் உள்ளது. 1982இல் யோன் பொஸ்ரல் வகுத்த அஞ்சற் பரிமாற்ற விதி, செய்தியானது ஏழு பிட் கொண்ட ஆங்கில எழுத்துக் குறியீட்டில் அமையவேண்டும் என்றும், ஒரு வரி ஆயிரம் குறிகளுக்கு மேற்படலாகாது என்றும் கருதியது. படக்கோப்போ எட்டு பிட் கொண்ட பைட்டுகளின் ஒழுக்கு. வரி என்பதை அது அறியாது. ஆகவே படமொன்றை அப்படியே அஞ்சலில் இட்டால் இடைநிலைக் கணனிகள் அதனைச் சிதைத்துவிடும்.

இத்தடையை நீக்கியது 1992 யூன் மாதம் வெளியான மைம் என்னும் விதித்தொகுதியாகும். நதானியல் போரன்ஸ்ரைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவர் அதன் ஆசிரியர்கள். அவ்வாண்டு மார்ச் 11ஆம் திகதி போரன்ஸ்ரைன் தாமும் நண்பர் மூவரும் சேர்ந்து பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டின் ஒலிப்பதிவையும் இணைத்து ஒரு மடலை அனுப்பினார். வணிகத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஒரு விளையாட்டு எனலாம். ஆனால் அவ்விதித்தொகுதியிற் பொறிக்கப்பட்ட ஒரு சிறு விபரமே பின்வந்த வணிகருக்கு எல்லை வகுத்தது. படம் என்னும் வகையின் கீழ்த் தொடக்கத்தில் இரண்டே வடிவங்கள் பெயர் குறிப்பிடப்பட்டன: ஒன்று ஜேபெக், மற்றையது ஜிஃப்.

மைம் விதித்த மாற்றுமுறையிற் படத்தின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகப் பெயர்க்கப்படும். இதனாற் கோப்பு மூன்றிலொரு பங்கு பருக்கும். 60,000 பைட் கொண்ட ஒரு படம் 80,000 எழுத்துகளாகும். செக்கனுக்கு 14,400 பிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில் அதனைப் பெற 44 செக்கன்கள் தேவை. தொலைபேசிக் கட்டணத்தைத் தன் கையாற் செலுத்தும் ஒருவர், தாம் கேளாத விளம்பரத்துக்காக முக்கால் நிமிடம் காத்திருக்கவேண்டும் என்பது இதன் பொருள். கோப்பின் பருமன் வெறும் கணக்கன்று, யார் செலவு செய்வது என்ற பொருளியல் வினா அதனுள் அடங்கியிருந்தது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். தபாலில் வரும் துண்டுப்பிரசுரத்துக்கு முத்திரைக் காசை அனுப்புவோன் கொடுக்கிறான். மின்னஞ்சலில் அச்செலவின் பெரும்பங்கு பெறுவோன் தலையில் விழுந்தது.

இரு வடிவங்களுள் மூத்தது ஜிஃப். கொம்பியூசேர்வ் என்ற தகவற் சேவை நிறுவனத்தில் ஸ்ரீவ் வில்ஹைற் என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்டு 1987 யூன் மாதம் இது வெளியிடப்பட்டது. ஒரு படத்துக்கு ஆகக்கூடியது 256 நிறங்கள் என்பது அதன் வரையறை. அந்நாளைய கணனித் திரைகள் பல அதற்கு மேற் காட்டவும் இயலாதன. மீண்டும் மீண்டும் வரும் நிறத்தொடர்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக்குறி வழங்கி, நிகண்டு போலத் தொகுத்துக்கொண்டு செல்வது அதன் சுருக்கமுறை. ஒரே நிறத்தில் விரிந்த பின்னணி, கூர்மையான எழுத்து, நிறுவனச் சின்னம் ஆகியன இம்முறையில் வெகுவாகச் சுருங்கும். அதேவேளை இழப்பெதுவும் நேராது. ஒளிப்படமோ அவ்வாறன்று. முகத்தின் தோலில் அடுத்தடுத்த இரு புள்ளிகள்கூட ஒரே நிறமாயிருத்தல் அரிது. 256 நிறத்துள் அதனை அடக்கும்பொழுது பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். அதை மறைக்கப் புள்ளிகளைக் கலந்து தூவினாலோ நிறத்தொடர் கலைந்து கோப்பு பருத்துவிடும்.

1989இல் வெளியான திருத்தப் பதிப்பு ஜிஃப் வடிவுக்கு இரு புதிய ஆற்றல்களை வழங்கிற்று. ஒரு நிறத்தை ஒளிபுகுவதாக அறிவிக்கலாம். பல படங்களை ஒரே கோப்பிற் கால இடைவெளி குறித்து அடுக்கலாம். முன்னையது வேவுபார்த்தலுக்கும் பின்னையது அசையும் விளம்பரத்துக்கும் பயன்படப்போகின்றன என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

ஜிஃப் வடிவின் சுருக்கமுறை கொம்பியூசேர்வ் நிறுவனத்தின் சொந்தச் சரக்கன்று. இஸ்ரவேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் சிவ் ஆகியோர் 1977, 1978ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு தெரி வெல்ச் என்பவர் திருத்தியமைத்த முறை அது. வெல்ச்சின் கட்டுரை 1984இற் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. படித்தவர்கள் அதனைப் பொதுச்சொத்தெனக் கருதிப் பயன்படுத்தினர். ஆனால் அவர் பணியாற்றிய ஸ்பெரி நிறுவனம் 1983 யூன் 20ஆம் திகதியே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. 1985 டிசெம்பரில் உரிமையும் கிடைத்தது. (ஏறத்தாழ இதே முறைக்கு மூன்று வாரங்கள் முன்னதாக விண்ணப்பித்த ஐ.பி.எம். நிறுவனத்துக்கும் பின்னர் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஒரே காணிக்கு இரு உறுதி எழுதிக் கொடுத்த நொத்தாரிசின் கதையை இது நினைவூட்டுகிறது.) 1986இல் ஸ்பெரி மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து யுனிசிஸ் ஆயிற்று.

1994ஆம் ஆண்டு முடிய மூன்று நாட்கள் இருக்கையில், ஜிஃப் கோப்புகளை ஆக்கும் மென்பொருள்களுக்கு இனிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. ஏழாண்டுகளாக உலகெங்கும் பரவிய ஒரு வடிவத்துக்கு வாடகை கேட்கப்பட்டது. எழுந்த சினம் சிறிதன்று. 1999 ஓகஸ்டில் நிலைமை மேலும் கடுமையாயிற்று. உரிமம் பெறாத மென்பொருளால் ஆக்கிய ஜிஃப் படங்களை வைத்திருக்கும் சில வகை இணையத்தள உரிமையாளர்கள் 5,000 அல்லது 7,500 டொலர் செலுத்தி உரிமம் பெறலாம் என யுனிசிஸ் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதியை ஜிஃப் கோப்புகளை எரிக்கும் நாளாக எதிர்ப்பாளர் பிரகடனஞ் செய்தனர். கோப்பை எரித்தல் என்பது உருவகமே; எனினும் ஒரு படவடிவத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தமை வரலாற்றிற் புதுமையானது.

கிளர்ச்சியிலும் உறுதியான மறுமொழி ஏலவே தொடங்கியிருந்தது. 1995 ஜனவரி 4ஆம் திகதி தோமஸ் பவுற்றல் என்பார் வலைவழிக் கலந்துரையாடற் குழுவொன்றிற் புதியதொரு வடிவத்துக்கான வரைவை முன்வைத்தார். பல நாடுகளிலிருந்த தன்னார்வலர் கூடித் திருத்தினர். எந்த நிறுவனத்தின் கூலியாளராகவும் அன்றி, மின்னஞ்சல் வழியே விவாதித்து, வாக்கெடுத்து அவர்கள் உருவாக்கியதே பி.என்.ஜி. 1996 ஒக்டோபர் முதலாந் திகதி உலகவலைச் சம்மேளனம் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது. 256 நிற வரையறை அதற்கு இல்லை. ஒளிபுகும் தன்மையை ஆம், இல்லை என்ற இரண்டாக அன்றி 256 படிகளிற் குறிக்கலாம். ஆகவே எழுத்தின் நிழல் எப்பின்னணியிலும் மெல்லக் கரையும். ஆக்கவுரிமை அச்சமற்ற சுருக்கமுறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. அசைவு மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டது.

தொழில்நுட்பத் தகுதியும் அறத் தகுதியும் ஒருங்கே வாய்ந்த இவ்வடிவம் விளம்பர மின்னஞ்சலில் ஜிஃப் வடிவத்தை உடனே வெளியேற்றியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது வேறு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் பி.என்.ஜி. படத்தைக் காட்டியபோதும், அதன் படிநிலை ஒளிபுகுதலை 2006இல் வெளியான ஏழாம் பதிப்புவரை செம்மையாகக் காட்டவில்லை. அந்நாளைய அவுட்லுக் அஞ்சல் வாசிப்புச் செயலி மடல்களை அதே இயந்திரத்தைக் கொண்டே காட்டிற்று. விளைவாக, நிழலுடன் கூடிய அழகிய சின்னம் பெறுவோர் பலரின் திரையிற் சாம்பல்நிறப் பெட்டிக்குள் நின்றது. யுனிசிஸ் நிறுவனத்தின் அமெரிக்க ஆக்கவுரிமை 2003 யூன் 20ஆம் திகதி காலாவதியாயிற்று. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் யப்பானிலும் அடுத்த ஆண்டு முடிந்தது. அதாவது பி.என்.ஜி. முழுமையாகப் பயன்படக்கூடியதாகிய வேளையில், அது எந்த அநீதிக்கு எதிராகப் பிறந்ததோ அந்த அநீதி மறைந்துவிட்டது. எதிர்ப்பின் நியாயத்தை இது குறைக்காது. வணிகர் நியாயத்தை நிறுத்துப் பார்த்து வடிவத்தைத் தெரிவு செய்யவில்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது. பெறுவோரிடம் உள்ளவற்றுள் மிகப் பழைய செயலி எதைக் காட்டுமோ அதுவே அவர்களின் தெரிவாயிற்று.

ஒளிப்படத்துக்குரிய ஜேபெக் வடிவத்தின் கதை வேறொரு வழிச் செல்வது. 1972இல் நசீர் அகமது என்னும் இந்தியப் பிறப்புடைய பொறியியலாளர் ஒரு கணிதமுறையை ஆராய ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிதியத்திடம் பணவுதவி கோரினார். கருத்து மிக எளியது என்று மதிப்பீட்டாளர் கருதியமையால் உதவி மறுக்கப்பட்டதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். ரி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் அம்முறையை 1974 ஜனவரியில் வெளியிட்டார். 1986இற் கூடிய சர்வதேச நிபுணர் குழு அதனை அடித்தளமாகக் கொண்டு 1992இல் ஜேபெக் நியமத்தை நிறைவு செய்தது. படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மாறும் ஒளியும் விரைந்து மாறும் ஒளியும் வேறாக்கப்படும். கண் எளிதிற் கவனிக்காத நுண்மாற்றங்கள் கைவிடப்படும். நிறத்தை விட ஒளிச்செறிவையே மனிதக் கண் கூர்ந்து நோக்கும் என்பதும் இங்கு பயன்கொள்ளப்பட்டது. எதை மறந்தாலும் பார்ப்பவன் குறை காணமாட்டானோ அதை மறத்தலே இவ்வடிவத்தின் சூக்குமம்.

புடைவைக்கடையின் சேலை, விடுதியின் கடற்கரை, விமானசேவையின் ஊர்க்காட்சி ஆகியவற்றுக்கு ஜேபெக் ஒப்பற்றது. ஆனால் அதே படத்தின் மேல் விலையை எழுத்திற் பொறித்துச் சேமித்தால், எழுத்தின் கூரிய ஓரங்களைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போற் சிற்றலைகள் தோன்றும். ஒவ்வொரு முறை திறந்து மீளச் சேமிக்கும்போதும் இழப்பு கூடும். விலையைப் படத்திற் புகுத்தாது மடலின் எழுத்தாகவே விடுதல் நன்று என்ற தொழில் மரபு உருவானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வடிவமும் உரிமைப் பிணக்கினின்று தப்பவில்லை. அடிப்படை ஜேபெக் கட்டணமின்றிப் பயன்படவேண்டும் என்பதே நிபுணர் குழுவின் நோக்கம். எனினும் 2002இல் ஃபோர்ஜன்ற் என்ற நிறுவனம் தன் வசமிருந்த பழைய ஆக்கவுரிமை ஒன்று ஜேபெக் வடிவைக் கட்டுப்படுத்துவதாக உரிமை கோரி, பல நிறுவனங்களிடமிருந்து 10 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. 2006இல் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம் மறுபரிசீலனையின்போது அதன் பரந்த கோரிக்கைகளை நிராகரித்தது. எஞ்சிய வழக்குகள் அவ்வாண்டே சமரசத்தில் முடிந்தன.

1990களின் பிற்பாதியில் அஞ்சல் வாசிப்புச் செயலிகள் இணையப்பக்கம் போன்ற மடல்களைக் காட்டத் தொடங்கின. 1996 யூலை 4ஆம் திகதி ஹொற்மெயில் தொடங்கப்பட்டபின் இணைய உலாவியிலேயே அஞ்சல் வாசிப்போர் தொகை பெருகிற்று. அப்பொழுது வணிகருக்கு இருவழிகள் திறந்திருந்தன. படத்தை மடலினுள்ளேயே பொதிந்து அனுப்பலாம். அல்லது படத்தைத் தம் கணனியில் வைத்து, மடலில் அதன் முகவரியை மட்டும் எழுதலாம். இரண்டாவது வழியில் மடல் இலேசாகும். வாசகர் திறக்கும்பொழுது மட்டுமே படம் இறங்கும். பெரும்பாலானோர் இதனைத் தெரிந்தனர். இத்தெரிவு கொணர்ந்த மற்றொரு நயம் சிக்கனத்திலும் பெரிது. படம் கேட்கப்பட்ட கணமே, யார் எந்நேரம் மடலைத் திறந்தார் என்பதை அனுப்புவோன் அறியலாம்.

இதற்கெனவே ஒரு புள்ளி அகலமும் ஒரு புள்ளி உயரமும் கொண்ட ஒளிபுகு ஜிஃப் கோப்பு மடல்களின் அடியில் வைக்கப்படலாயிற்று. அதன் பருமன் வழமையாக 43 பைட். ஒவ்வொரு பெறுநருக்கும் வெவ்வேறு முகவரி கொண்ட புள்ளி. கண்ணுக்குப் புலப்படாத, காட்டுவதற்கு எதுவுமற்ற ஒரு படம் விளம்பரத் தொழிலின் மிகப் பெறுமதி வாய்ந்த படமாகியது. பார்ப்பதற்கென ஆக்கப்பட்ட வடிவம் பார்ப்பவனைப் பார்ப்பதற்குப் பயன்பட்ட இந்தத் தலைகீழ் மாற்றமே இவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம். தபாற்காரன் கடிதத்தைக் கொடுத்தபின் யன்னலருகே நின்று அது பிரிக்கப்படுவதைக் குறித்துக்கொண்டு போவதை எச்சமூகமும் பொறுத்திராது. மின்னஞ்சலிற் பலர் அதனை அறியாமலே பொறுத்தனர்.

மறுதாக்கம் 2003இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு வெளியான அவுட்லுக், வெளியிலிருந்து இறக்கவேண்டிய படங்களை வாசகர் அனுமதிக்கும்வரை மறைத்தது. அழகுறத் தீட்டப்பட்ட விளம்பரங்கள் வெற்றுப் பெட்டிகளாகக் காட்சியளித்தன. மடல் முழுவதையும் ஒரே படமாக அனுப்பியவர்கள் ஒன்றுமே சொல்லாதவர்களாயினர். படத்துக்குப் பதிலாகத் தோன்றும் மாற்றுரையை எழுதும் பழக்கம் பார்வையற்றோரின் நலன் கருதி முன்பே வற்புறுத்தப்பட்டிருந்தும், வணிகர் பலர் அதனைக் கருத்தில் எடுத்தது தம் விற்பனை பாதிக்கப்பட்ட பின்னர்தான் எனத் துணியலாம்.

2006இற் குப்பை அஞ்சல் அனுப்புவோர் இன்னொரு உத்தியைக் கையாண்டனர். வடிகட்டிகள் சொற்களைத் தேடுகின்றன. ஆகவே சொற்களைப் படமாக எழுதினால் வடிகட்டிக்கு அகப்படாது. மலிவான பங்குகளை வாங்கத் தூண்டும் செய்திகள் ஜிஃப் படங்களாக வந்து குவிந்தன. வடிகட்டிகள் படத்திலுள்ள எழுத்தை வாசிக்கக் கற்றதும், படத்திற் தூசி போற் புள்ளிகள் தூவப்பட்டன. ஒரு படம் பல துண்டாக்கப்பட்டது. செய்தி அசையும் படத்தின் இரண்டாம், மூன்றாம் சட்டங்களில் ஒளிக்கப்பட்டது. இதன் தண்டனையை நேர்மையான வணிகரும் அனுபவித்தனர். எழுத்துக் குறைந்து படம் மிகுந்த மடல்களை வடிகட்டிகள் ஐயுறலாயின.

தமிழ் எழுத்தும் ஏறத்தாழ இதே பொறியில் அகப்பட்டிருந்தது. யூனிகோட் குறியீட்டின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றபோதும், விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண விண்டோஸ் கணனியில் அதற்கு உள்ளார்ந்த ஆதரவு இருக்கவில்லை. வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீடுகளைக் கொண்டிருந்தமையால், அனுப்புவோரின் எழுத்துரு பெறுவோரிடம் இல்லையெனின் மடல் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எனவே அறிவித்தலோ வாழ்த்தோ தமிழில் அனுப்ப விரும்பியோர் அதனைப் படமாக்கி அனுப்பினர். இதற்கு ஜிஃப், பி.என்.ஜி. ஆகியனவே உகந்தன, ஜேபெக் வடிவிற் கொம்புகளும் சுழிகளும் மங்கிவிடும். இவ்வாறு படமாகிய தமிழைத் தேடவும் முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது, குரலாக வாசிக்கச் செய்யவும் முடியாது. குப்பை அஞ்சல் அனுப்புவோன் வேண்டுமென்றே தேடிக்கொண்ட மறைவு, தமிழில் எழுதியோருக்கு வேண்டாமலே வாய்த்தது.

2007இல் மைக்ரோசொப்ட் எடுத்த ஒரு தீர்மானம் மின்னஞ்சல் வடிவமைப்போரை இன்றும் நினைத்துப் பெருமூச்செறியச் செய்வது. அவ்வாண்டுப் பதிப்பில் அவுட்லுக் மடல்களைக் காட்டும் பணி உலாவி இயந்திரத்தினின்று அகற்றப்பட்டு வேர்ட் ஆவணச் செயலியின் இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கடிதம் எழுதும் இயந்திரமும் வாசிக்கும் இயந்திரமும் ஒன்றாயிருத்தல் நன்று என்பது அதன் நியாயம். வேர்ட் இயந்திரமோ அப்போது அசையும் ஜிஃப் படத்தின் முதற் சட்டத்தை மட்டும் காட்டி நின்றுவிட்டது. கழிவு விலையை இறுதிச் சட்டத்தில் வியப்பாக வெளிப்படுத்தும் விளம்பரம் அலுவலக வாசகருக்கு வியப்புமின்றி விலையுமின்றி நின்றது. சொல்லவேண்டியதை முதற் சட்டத்திலேயே சொல்லிவிடு என்ற விதி இதனாற் பிறந்தது. நாடகத்தின் முடிவை முதற் காட்சியிலேயே கூறும் கூத்து மரபை ஒத்த இவ்விதி, கலைக் காரணத்தாலன்றி இயந்திரக் குறையால் வந்தது.

வேறு மாற்றங்களும் தொடர்ந்தன. 2010இல் வந்த ஐபோன் 4 போன்ற செறிதிரைகளுக்காகப் படங்கள் இரு மடங்கு அகலத்தில் ஆக்கப்பட்டன. புள்ளிகள் நான்கு மடங்காயின. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அப்பிள் நிறுவனம் தன் கருவிகளில் இருள்நிறத் தோற்றத்தை அறிமுகஞ் செய்தபோது, ஒளிபுகு பி.என்.ஜி. வடிவிலிருந்த கருநிறச் சின்னங்கள் கரிய பின்னணியில் மறைந்துபோயின. எந்தப் பின்னணியிலும் பொருந்துவதே பி.என்.ஜி.யின் பெருமை என்று கருதிய இடத்தில், பின்னணி எதுவென அனுப்புவோன் அறியான் என்ற உண்மை வெளிப்பட்டது.

அந்த ஒற்றைப் புள்ளியின் கதி என்னவாயிற்று? 2013 டிசெம்பரிற் கூகிள் தன் அஞ்சற் சேவையிற் படங்களைத் தன்னியல்பாகக் காட்டத் தொடங்கியது. ஆனால் அவற்றைத் தன் இடைநிலைக் கணனிகள் வழியே பெற்று வழங்கியது. வாசகர் எங்கிருந்து திறந்தார் என்பது மறைக்கப்பட்டது; திறந்தார் என்பது மறைக்கப்படவில்லை. 2021 செப்டெம்பரில் அப்பிள் மேலும் ஒருபடி சென்று, இதற்கு உடன்பட்ட பயனரின் மடலிலுள்ள படங்களை அவர் திறந்தாலும் திறவாவிடினும் முன்கூட்டியே இறக்கும் ஏற்பாட்டைச் செய்தது. எல்லா மடல்களும் திறக்கப்பட்டனவாகத் தோன்றுமிடத்துத் திறத்தல் என்ற கணக்கே பொருளிழக்கும். சட்டமியற்றுவோர் செய்யாததை இரு பெருநிறுவனங்கள் செய்தன என்று பாராட்டுவோர் உளர். விளம்பர வருவாயில் வாழும் நிறுவனமொன்று பிறரின் வேவுக்குத் திரையிட்டுத் தான் மட்டும் உள்ளே நிற்பதைத் தூய அறச்செயலாகக் கொள்ளல் தகுமா என்பதும் வினவத்தக்கதே.

புதிய வடிவங்கள் இதற்கிடையிற் பல தோன்றின. 2010 செப்டெம்பர் 30ஆம் திகதி கூகிள் வெளியிட்ட வெப்பி, ஒளிப்படத்தையும் சின்னத்தையும் அசைவையும் ஒரே வடிவில் அடக்கி, ஜேபெக் கோப்பினும் சிறிதாக நின்றது. அப்பிளின் சஃபாரி உலாவி அதனை ஏற்க 2020 வரை பத்தாண்டுகள் சென்றன. இணையப் பக்கங்களில் அது பரவியது. விளம்பர மின்னஞ்சலில் வணிகர் தயங்கினர். இணையப் பக்கத்திற் பழைய உலாவிக்குப் பழைய வடிவத்தையும் புதிய உலாவிக்குப் புதிய வடிவத்தையும் வழங்கும் ஒழுங்கு எளிது. ஏற்கெனவே பல்லாயிரம் பேரின் பெட்டிக்குட் சென்றுவிட்ட மடலை எந்தச் செயலி திறக்கும் என்பதை அனுப்புவோன் அறியான். வேர்ட் இயந்திரத்தைக் கொண்ட அவுட்லுக் பதிப்புகள் வெப்பிப் படத்தைக் காட்டவில்லை; அலுவலகங்களிலிருக்கும் அந்த வாசகரை இழக்க வணிகர் துணியவுமில்லை. ஆகவே ஒளிப்படத்துக்கு ஜேபெக், சின்னத்துக்கு பி.என்.ஜி., அசைவுக்கு ஜிஃப் என்ற பங்கீடு 1980கள், 1990களின் ஆக்கங்களைக் கொண்டே நிலைபெற்றது.

அசைவை பி.என்.ஜி.யுடன் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. மொசில்லாவைச் சேர்ந்த இருவர் 2004இல் ஆக்கிய அசையும் பி.என்.ஜி. வடிவத்தை, மூல வடிவத்தைக் காத்துவந்த குழு 2007இல் வாக்கெடுப்பால் நிராகரித்தது. பதினெட்டு ஆண்டுகளின் பின், 2025 யூன் 24ஆம் திகதி உலகவலைச் சம்மேளனம் வெளியிட்ட பி.என்.ஜி. மூன்றாம் பதிப்பில் அது முறைப்படி இடம்பெற்றது. அசைவை அறியாத பழைய செயலி அக்கோப்பைத் திறந்தாற் பிழை காட்டாது. அதிலுள்ள இயல்நிலைப் படத்தை மட்டும் அசையாமற் காட்டி நிற்கும்.